மைதானத்தில் சனம், மேலே ட்ரோன்: திருகோணமலையில் விளையாட்டு நிகழ்வுகளைப் படமெடுப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

தை பிறந்தால் திருகோணமலைப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். அதன் பிறகு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி, பழைய மாணவர் கிரிக்கெட், உப்புவெளிக் கரையில் கரப்பந்தாட்டம், கரையோரக் கிராமங்களில் படகுப் போட்டி என்று வருடம் முழுக்க ஏதோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் இப்போது ட்ரோன் படம் கேட்கிறார்கள். கலியாண வீட்டுக்கென்று ட்ரோன் வாங்கிய இளைஞர்கள் அடுத்த வாரமே மைதானத்துக்கு வந்து நிற்கிறார்கள். ட்ரோன் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். சனத்துக்குப் பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த வேலையை எப்படிச் செய்வது, எப்போது செய்யாமல் விடுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். 30 மீற்றர் உயரத்தில் நிற்கும் ட்ரோன் ஒன்றின் மோட்டார் நின்றுவிட்டால், அது தரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை விநாடிதான் எடுக்கும். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 87 கிலோமீற்றர் அளவில் இருக்கும். காற்று கொஞ்சம் பிடித்து நிறுத்தும், ஆனால் நம்பி இருக்கும் அளவுக்கு இல்லை. 900 கிராம் எடையுள்ள ட்ரோன் அந்த உயரத்திலிருந்து விழுந்தால், மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தைப் போல இரண்டு மடங்கு சக்தியோடு தலையில் இறங்கும். துடுப்பாட்டக்காரன் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்தலுக்குள் இருக்கும் அம்மா மகளின் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், மேலே பார்ப்பதில்லை.

இன்னொரு விஷயம். ட்ரோன் நேர்கீழே விழாது. விநாடிக்கு 10 மீற்றர் வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கும்போது சக்தி போனால், அந்த இரண்டரை விநாடியில் 25 மீற்றர் முன்னே போய்த்தான் தரையில் விழும். 'நான் சனத்துக்கு மேலே விடவில்லை, பக்கத்தில்தான் விட்டேன்' என்று சொல்பவர்கள் இந்த 25 மீற்றரைக் கணக்கில் எடுப்பதில்லை.

இது புத்தகக் கணக்கு மட்டும் இல்லை. 2015 டிசம்பர் 22 அன்று இத்தாலியின் மடொன்னா டி கம்பீலியோவில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில், ஒஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒளிபரப்புக் கமரா ட்ரோன் அவருக்குப் பின்னால் மிக அருகில் விழுந்து நொறுங்கியது. அதை ஓட்டியவர்கள் பொழுதுபோக்குக்காக ஓட்டியவர்கள் அல்லர், அனுமதியோடு தொழிலாகச் செய்தவர்கள். சர்வதேச பனிச்சறுக்குச் சம்மேளனம் அதன் பிறகு தனது உலகக் கிண்ணப் போட்டிகளில் கமரா ட்ரோன்களைத் தடை செய்தது. அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் விழுகிறது விழத்தான் செய்யும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: இந்தக் கணத்தில் இது விழுந்தால் எங்கே விழும், அங்கே யார் இருக்கிறார்கள்?

திருகோணமலை என்பது எப்படிப்பட்ட வான்

வேறு ஊரில் இருந்து படமெடுக்க வருபவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். கடலும் மலையும் கோயிலும் பார்த்து இது சுற்றுலா ஊர் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் நமது நகரம் பாதுகாப்பு இடங்களுக்கு நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும் ஊர். ஒரு பக்கம் கடற்படைத் தளம். மறு பக்கம் இராணுவம் இருக்கும் பிரட்றிக் கோட்டை, கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியே அதற்குள்ளால்தான். உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருக்கின்றன. விமானப்படை அங்கே தனது விமானிகளைப் பயிற்றுவிக்கிறது, சிறிய பயணிகள் விமானங்களும் அங்கே இறங்குகின்றன. பயிற்சி விமானம் என்றால் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்ப வரும், தாழ்வாக வரும். அதே சீனக்குடாவில்தான் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்களும் இருக்கின்றன. இவற்றில் எதையும் கமரா பார்ப்பதே பிரச்சினை. மேலே பறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மெக்கெய்சர் விளையாட்டரங்கில் நின்றாலும் ஏகாம்பரம் மைதானத்தில் நின்றாலும், கமராவைக் கொஞ்சம் நிமிர்த்தினால் படத்துக்குள் கோட்டையோ கடற்படைப் பக்கமோ வந்துவிடக்கூடும். ஆகவே எந்தத் திசைகளில் கமராவைத் திருப்பமாட்டீர்கள் என்பதை முதலே காகிதத்தில் வரைந்து வைத்திருங்கள். அனுமதி கேட்கும்போது அந்த வரைபடத்தையும் கொடுங்கள். அனுமதி கொடுப்பவருக்கு, நீங்கள் யோசித்துத்தான் வந்திருக்கிறீர்கள் என்பது அதில் தெரியும்.

நிலாவெளிப் பக்கம் போட்டி என்றால் புறாமலையை நினைவில் வையுங்கள். அந்தத் தீவு தேசிய பூங்கா, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. கடற்கரைப் போட்டி முடிந்த கையோடு 'ஒருக்கா தீவுக்கும் விட்டுப் பார்ப்போம்' என்பது தனி அனுமதி கேட்கும் வேலை.

ட்ரோன் செயலி வரைபடத்தில் சிவப்பு வட்டம் காட்டவில்லை என்பதற்காகப் பறக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரைபடம் தயாரிப்பாளர் போட்டது. ட்ரோன் தயாரிக்கும் டி.ஜே.ஐ நிறுவனம் 2025 ஜனவரியில் அமெரிக்காவில் தடைப் பகுதிகளில் ட்ரோனைப் பறக்கவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, எச்சரிக்கை காட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. எங்கே பறக்கலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு அப்படியே ஓட்டுபவர் கையில் வந்திருக்கிறது.

காகித வேலை

இலங்கையில் ட்ரோன்களைக் கவனிப்பது கட்டுநாயக்கவில் இருக்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2010 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ்தான் விதிகள் வருகின்றன. சட்டத்தின் கண்ணில் உங்கள் ட்ரோன் ஒரு விமானம், நீங்கள் அதன் விமானி. விளையாட்டுச் சாமான் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ட்ரோனின் பதிவு. அதைப் பற்றரியோடும், நீங்கள் பூட்டும் இறக்கைக் காப்போடும் சேர்த்துத் தராசில் வைத்து நிறுங்கள். விதிகள் எடை வகையைப் பொறுத்தே மாறுகின்றன. பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருக்கும் சிறிய ட்ரோன்கள், 250 கிராமில் கோடு போட்ட நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எண்ணை இங்கே அனுமதிச்சீட்டாக எண்ணாதீர்கள். இறக்கைக் காப்பைப் பூட்டினாலே அந்த எடை கூடிவிடும். நிறுத்த எடையைச் சொல்லி, எந்த வகைக்குள் வருகிறது என்று அதிகார சபையிடமே கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தந்த ட்ரோன் என்றால், ரேடியோக் கருவி என்ற வகையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பறப்பதற்கான அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும். விண்ணப்பத்தில் நாள், நேரம், இடத்தின் அமைவிடப் புள்ளி, உயரம், நோக்கம் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். சனம் கூடும் நிகழ்வு என்பதை மறைக்காமல் எழுதுங்கள். 'மைதானத்தைப் படமெடுத்தல்' என்று எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு ஆயிரம் பேர் நிற்கும் போட்டியில் பறந்தால், அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றாது. உயரமும் அப்படித்தான். பல நாடுகளில் 400 அடி, அதாவது 120 மீற்றர் என்பது பொது எல்லை என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். உங்களுக்கான எல்லை உங்கள் அனுமதியில் எழுதியிருக்கும் எண் மட்டுமே.

பிறகு உள்ளூர் அனுமதிகள். மைதானத்தை நிர்வகிக்கும் சபை அல்லது பாடசாலை அதிபர், போட்டி ஏற்பாட்டுக் குழு, பொலிஸ் நிலையம். மூன்று இடத்திலும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். 'அதிபர் சேரிட்ட சொல்லிட்டம், நீங்க எடுங்கோ' என்பது அனுமதி இல்லை.

இவை ஒரு நாளில் முடியாது. போட்டிக்கு மூன்று நாள் முன்னதாக வந்து ட்ரோன் கேட்பவருக்கு, தரையில் இருந்து நல்லபடியாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்வதே நேர்மை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி பற்றியும் விசாரியுங்கள். ட்ரோன் உடைந்தால் கிடைக்கும் காப்புறுதியும், அடுத்தவருக்குக் காயம் வந்தால் கிடைக்கும் காப்புறுதியும் வேறு வேறு. மைதானத்துக்குத் தேவை இரண்டாவது.

கையில் அனுமதி வந்த பிறகும், போட்டிக்கு முதல் நாளும் அன்று காலையும் புதிய அறிவித்தல் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு, ஏப்ரல் 25 அன்று நாடு முழுவதும் ட்ரோன் பறப்பது ஒரே அறிவித்தலில் தடை செய்யப்பட்டது. பல மாதங்கள் அந்தத் தடை நீடித்தது. நிலைமை மாறினால் பழைய கடிதத்தைக் காட்டி வாதாட முடியாது.

பொறுப்பு யாருடையது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மைதானத்தில் எல்லோருமே உங்களுக்குக் கட்டளை இடுவார்கள்.

சனம் நிறைந்த பந்தலைப் பார்த்து ஏற்பாட்டாளர் ஒருவர் வருவார். "தம்பி, ஒரே ஒரு சுற்று சனத்துக்கு மேலால விடுங்கோ, வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவருக்குக் கூட்டத்தைக் காட்ட வேணும்." அவர் கெட்டவர் இல்லை. காசு சேர்த்து, வெயிலில் நின்று, போட்டியை நடத்தும் மனுஷன். ஆனால் விழுந்தால் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கப்போவது அவர் இல்லை. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் விமானி. "அண்ணை, அந்தக் கோர்னரில இருந்து சரிச்சு எடுத்தா முழுச் சனமும் ஒரே படத்தில வரும், மேலால போகத் தேவையில்லை" என்று சொல்லி, எடுத்தும் காட்டுங்கள். வெறுமனே மறுத்தால் சண்டை வரும். மாற்று வழியைக் காட்டினால் அனேகமாக ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காவிட்டால் ட்ரோனைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதி போனாலும் பரவாயில்லை.

போட்டிக்கு முதல் நாள்: மைதானத்தை நடந்து பாருங்கள்

போட்டி நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு இருக்கும் காற்று பத்து மணிக்கு இருக்காது, கடற்காற்று எழும்பிவிடும்.

தலையை நிமிர்த்திக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று நடங்கள். மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, ஒளிவிளக்குக் கம்பம், கொடிக்கம்பம், தென்னை, ஒலிபெருக்கி கட்டிய கமுகு மரம், பந்தல் கயிறு எல்லாவற்றையும் குறியுங்கள். மெல்லிய கம்பி ட்ரோனின் கமராவில் தெரியாது, தடை உணரிகளுக்கும் பெரும்பாலும் தெரியாது. தை மாசி என்றால் பட்டக் காலம், நூல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். பருந்து வட்டமிடுகிறதா, காகக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ட்ரோனைக் கண்டால் பருந்து துரத்தும்.

மிக உயரமான கம்பத்தின் உயரத்தை அறிந்து, அதற்கு மேலே 10 மீற்றராவது கூட்டி, ரிமோட்டின் சைகை அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும் உயரத்தை அமையுங்கள். பெட்டியில் இருந்து வந்தபடியே விட்டுவிட்டால், சைகை அறுந்தவுடன் அது நேரே ஒளிவிளக்குக் கம்பத்துக்குள் போகக்கூடும்.

இப்போது முக்கியமான வேலை: ஏறும் இடத்தைத் தெரிவு செய்வது. பெரும்பாலானோர் மேடைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிற்கிறார்கள். அது மிகப் பிழையான இடம். சைகை அறுந்தால் ட்ரோன் தான் ஏறிய புள்ளிக்கு நேர்கோட்டில் திரும்பி வரும். நீங்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்றால் அந்தக் கோடு சனத்துக்கு மேலால்தான் வரும். ஆகவே சனம் இல்லாத பக்கத்தில், பறக்கும் பகுதிக்கும் உங்களுக்கும் இடையே ஒருவருமே வரமுடியாத இடத்தில் நில்லுங்கள். ஒரு காகிதத்தில் மைதானத்தை வரைந்து, பறக்கப்போகும் ஒவ்வொரு மூலையில் இருந்தும் ஏறும் புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். ஒரு கோடாவது பந்தலைத் தொட்டால் புள்ளியை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

அங்கே நான்கு கம்பு ஊன்றி நாடா கட்டுங்கள். உள்ளே நீங்களும் உங்கள் உதவியாளும் மட்டும். சின்னப் பிள்ளைகள் ட்ரோனைக் கண்டால் ஓடிவருவார்கள், இறங்கும்போதும் ஓடிவருவார்கள். அதோடு அவசரத்துக்கு இறக்க இன்னும் ஒரு வெற்று இடத்தையும் பார்த்து வையுங்கள்.

தூரத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: எவ்வளவு உயரத்தில் இருக்கிறீர்களோ, பக்கத்தில் நிற்கும் ஆளில் இருந்து குறைந்தது அவ்வளவு தூரம் கிடையாகவும் இருக்க வேண்டும். 30 மீற்றர் உயரம் என்றால் 30 மீற்றர் விலகல். சனத்தை நோக்கிக் காற்று அடித்தால் அதை ஒன்றரை மடங்காக்குங்கள். அனுமதியில் இதைவிடக் கூடிய தூரம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

ஆள் இல்லாமல் பறக்காதீர்கள்

தனியாக ஒருவர் சனத்துக்குப் பக்கத்தில் ஓட்ட முடியாது. திரையைப் பார்க்கும்போது வானத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கும்போது சனத்தைப் பார்க்கவில்லை. ஆகவே ஒரு கவனிப்பாளர் தேவை. அவருக்கு வேலை ஒன்றே: ட்ரோனையும் அதைச் சுற்றியுள்ள வானையும் பார்த்துக்கொண்டிருப்பது. படம் எடுக்கக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. "இறக்கு" என்று அவர் சொன்னால் ஏன் என்று கேட்காமல் இறக்க வேண்டும், காரணத்தைத் தரையில் வந்து கேட்கலாம்.

ஏற்பாட்டுக் குழுவில் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். தலைமை நடுவரோடு உட்கார்ந்து, எந்தெந்த நிகழ்வுகளில் பறக்கமாட்டீர்கள் என்று பேசி முடியுங்கள். குறுந்தூர ஓட்டங்களின் ஆரம்பக் கோட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், வெடிச் சத்தத்துக்குக் காது கொடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த ரீங்காரம் இடைஞ்சல். ஈட்டி, தட்டு, குண்டு எறியும் பகுதிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வீதியோட்டம் என்றால் ஓடுபவர்களுக்கு மேலால் பின்தொடர்வதை மறந்துவிடுங்கள். 2014 ஏப்ரலில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜெரால்டனில் நடந்த போட்டியொன்றில், படமெடுத்துக்கொண்டிருந்த ட்ரோன் விழுந்து ஓடிக்கொண்டிருந்த ஒரு வீராங்கனையின் தலையில் காயம் ஏற்பட்டது. பிறகு அறிவிப்பாளரைப் பிடித்து, இத்தனை மணிக்கு ட்ரோன் பறக்கும், யாரும் இறங்கும் இடத்துக்கு வரவேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லச் சொல்லுங்கள்.

பறக்க முன்

இறக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நுனியில் இருந்து அடிவரை நகத்தால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்தில் மாட்டும். சிறு வெட்டு இருந்தாலும் மாற்றுங்கள். ஒரு இறக்கையின் விலை இங்கே பேசும் விஷயத்தோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. நமது ஊர் ட்ரோன்கள் உப்புக் காற்றில் வாழ்பவை, மோட்டாரைக் கையால் சுற்றினால் நான்கும் ஒரே மாதிரி இலகுவாகச் சுழல வேண்டும். ஒன்று கரகரத்தால் அன்று பறப்பு இல்லை.

பற்றரியை வாகனத்துக்குள்ளே வெயிலில் வைக்காதீர்கள். சாதாரண ட்ரோன்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச வெப்பநிலை பெரும்பாலும் 40 பாகை, பூட்டிய வாகனம் பகலில் அதைத் தாண்டிவிடும். வீங்கிய பற்றரி என்றால் ஒதுக்கிவிடுங்கள். திசைகாட்டியை இரும்பு இருக்கைகளுக்கும் வாகனத்துக்கும் பக்கத்தில் வைத்துச் சீர்செய்யாதீர்கள். ஜி.பி.எஸ் நன்றாகப் பிடித்து, ஏறும் புள்ளி பதிவாகிவிட்டது என்று செயலி சொன்ன பிறகே ஏற்றுங்கள்.

ரேடியோ சைகையையும் யோசிக்க வேண்டும். வெற்று மைதானத்தில் முதல் நாள் சோதித்தபோது ஒரு கிலோமீற்றர் தூரத்திலும் தெளிவாக இருந்திருக்கும். மறுநாள் அதே இடத்தில் நூற்றுக்கணக்கான போன்கள், நேரடி ஒளிபரப்புக்காரரின் வைஃபை, ஒலிபெருக்கிக்காரரின் வயரில்லா மைக் எல்லாம் சேரும். பல ட்ரோன்களும் பாவிக்கும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை நெரிசலாகிவிடும். எந்த அலைவரிசையில் ஓடுகிறது என்று பார்த்து வையுங்கள், படம் விட்டுவிட்டு வரத் தொடங்கினால் அது தொங்கி நின்று பார்க்கும் நேரம் இல்லை, இறக்கும் நேரம்.

மேலே போன பிறகு

முதல் ஏற்றத்தைச் சனம் வரும் முன்பே செய்துவிடுங்கள். மைதானத்தின் முழுப் படம், கொடிகள், இல்ல அலங்காரங்கள் எல்லாம் காலையில்தான் அழகாகவும் இருக்கும். இவற்றுக்கு மேலே நேராகப் போய் எடுக்கலாம், கீழே ஒருவரும் இல்லை. பகலில் தேவைப்படும் படங்கள் அதன் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும்.

சனம் வந்த பிறகு விளிம்போடு நில்லுங்கள். கமராவைக் கீழே முழுக்கக் கவிழ்க்காமல் சரிவாக வைத்தால் ஓட்டப் பாதையும் பின்னால் சனமும் ஒரே படத்தில் வரும். பார்ப்பவருக்குக் கூட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும், நேர்மேலே இருந்து எடுத்தால் தலைகள்தான் தெரியும். தூரத்தைக் கிட்டக் காட்டும் லென்ஸ் இருக்கும் ட்ரோன் என்றால் இன்னும் பின்னால் போகலாம். வேகமாகப் பாய்ந்து வரும் படம் வேண்டும் என்றால், சனத்தை விட்டு விலகிப் போகும் திசையிலேயே பாயுங்கள். படத்தைத் தொகுக்கும்போது பின்னோக்கி ஓடவிட்டுக்கொள்ளலாம்.

எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், எந்தப் பக்கம் அதன் முகம் என்று சொல்லக்கூடிய தூரத்தில் வைத்திருங்கள். பற்றரி 30 சதவீதத்துக்கு வந்தால் இறக்கிவிடுங்கள். வழக்கமான வேலையில் இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், இங்கே இழுக்க வேண்டாம். இறங்கும் இடத்தில் பிள்ளைகள் நின்றால் காத்திருக்கப் பற்றரி வேண்டும்.

விமானச் சத்தமோ ஹெலிகொப்டர்ச் சத்தமோ கேட்டால், எங்கே இருக்கிறது என்று தேட முன்பே ட்ரோனைக் கீழே கொண்டுவாருங்கள். சீனக்குடாவில் இருந்து எழும்பும் விமானம் சீக்கிரமே நகரத்துக்கு மேலே வந்துவிடும். அவர்களால் உங்கள் ட்ரோனைப் பார்த்து விலக முடியாது, விலக வேண்டியது நீங்கள்தான்.

வேறொருவரின் ட்ரோன் வானில் தெரிந்தாலும் இறக்குங்கள். ஓட்டுபவரைக் கண்டுபிடித்துப் பேசி, ஒருவர் மட்டும் பறக்கும்படி முடிவு செய்த பிறகு ஏற்றலாம். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கடமையில் இருக்கும் பொலிஸாரிடம் சொல்லுங்கள். மைதானத்துக்கு மேலே அறியாத ட்ரோன் வருவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 2014 ஒக்டோபர் 14 அன்று பெல்கிறேட்டில் நடந்த சேர்பியா - அல்பேனியா உதைபந்தாட்டப் போட்டி சாட்சி. ஒரு கொடியைத் தொங்கவிட்டு வந்த ட்ரோன் வீரர்களிடையே அடிதடியைக் கிளப்பி, ஆட்டமே இடையில் கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்குகளில் பெரிய லீக் போட்டி நடக்கும்போது, ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, மூன்று கடல் மைல் ஆரத்துக்குள் ட்ரோன் பறக்கவே கூடாது. நமது மைதானங்கள் சிறியவை. சிறிய மைதானத்தில் விலகிப் போக இடமும் சிறியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மின்னொளிப் போட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. இரவில் தடை உணரிகள் சரியாக வேலை செய்யாது, கம்பிகள் கண்ணுக்கே தெரியாது, வெற்றி பெற்றவர்கள் வாணம் விடுவார்கள். இரவுப் பறப்புக்கெனத் தெளிவாக எழுதிய அனுமதி இல்லாவிட்டால், கொட்டகைக் கூரையில் ஒரு கமராவைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கடற்கரையும் படகுப் போட்டியும்

கடல் பக்கம் சனம் இல்லை, ஆகவே பாதுகாப்பானது என்று நினைக்கத் தோன்றும். பாதி சரி. காற்றுக் காலம் எது என்பதில்தான் மீதி இருக்கிறது. வாடைக் காலத்தில் காற்று கடலில் இருந்து கரைக்கு அடிக்கும். கடலுக்கு மேலே சக்தி குறைந்த ட்ரோனை அது கரையில் நிற்கும் சனத்தை நோக்கித் தள்ளும். கச்சான் காலத்தில் தலைகீழ். வெளியே போவது இலகுவாக இருக்கும், திரும்பி வருவது எதிர்க்காற்றில். போக எடுத்ததைவிட இரண்டு மடங்கு பற்றரி திரும்பி வரத் தேவைப்படலாம். கச்சானில் 50 சதவீதத்திலேயே முகத்தைக் கரைக்குத் திருப்பிவிடுங்கள்.

படகில் இருந்து ஏற்றுபவர்களுக்கு: ட்ரோன் நினைவில் வைத்திருப்பது ஏறிய புள்ளியை, படகை அல்ல. படகு நகர்ந்த பிறகு சைகை அறுந்தால் அது வெறும் தண்ணீருக்கு மேலே வந்து இறங்கும், அல்லது அந்த இடத்தைக் கடந்துகொண்டிருக்கும் வேறொரு படகின் மீது இறங்கும். ஏறும் புள்ளியை இடையிடையே புதுப்பிக்க வேண்டும், அல்லது கரையில் இருந்தே ஓட்ட வேண்டும். எனக்குக் கரையே நல்லதென்று படுகிறது. துடுப்பு வலிப்பவர்களுக்கு அருகில் தாழப் பறக்காதீர்கள். திடுக்கிட்டு ஒருவர் எழும்பினால் தோணி கவிழும்.

மாடு, குதிரை ஓடும் போட்டி என்றால் ட்ரோனே வேண்டாம் என்பது என் கருத்து. 2024 ஜனவரியில் சம்பூரில் ஜல்லிக்கட்டு நடந்தபோது எவ்வளவு சனம் திரண்டது என்று ஊருக்குத் தெரியும். தலைக்கு மேலே கேட்கும் ரீங்காரத்துக்கு வெருண்ட காளை எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ட்ரோன் விழவே தேவையில்லை, பறந்தாலே போதும்.

ஏதாவது நடந்துவிட்டால்

ட்ரோன் ஆளின் மேல் விழுந்தால் முதலில் ஆளைப் பாருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, முதலுதவிக் குழுவைக் கூப்பிடுங்கள். இறக்கை வெட்டிய காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலையில் பட்டிருந்தால், 'ஒன்றுமில்லை, நல்லா இருக்கிறன்' என்று அவர் சொன்னாலும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். ட்ரோனை யாரும் தொடாமல் உதவியாளரை நிறுத்துங்கள். பற்றரி நசுங்கியிருந்தால் சில நிமிடம் கழித்தும் தீப்பிடிக்கும், ஆகவே மணல் வாளி ஒன்றை ஏறும் இடத்தில் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

பிறகு பொலிஸ், ஏற்பாட்டுக் குழு, அதிகார சபை மூன்றுக்கும் நீங்களே சொல்லுங்கள். பறப்புப் பதிவையும் படத்தையும் அழிக்காதீர்கள். அந்தப் பதிவில் உயரம், வேகம், பற்றரி, சைகை எல்லாம் நொடிக்கு நொடி இருக்கும். ஒழுங்காகப் பறந்திருந்தால் உங்களுக்காகப் பேசப்போவதும் அதுதான்.

காயம் இல்லாமல் தப்பிய சம்பவத்தையும் குறித்து வையுங்கள்: நாள், இடம், காற்று, எந்தப் பற்றரி, எந்த நிமிடத்தில் என்ன ஆனது. ஒரே பற்றரி இரண்டாவது முறையும் சடுதியாக இறங்கினால் குறிப்பில் தெரிந்துவிடும்.

எடுத்த படம்

பாடசாலைப் போட்டிப் படத்தில் இருப்பவர்கள் பிள்ளைகள். விளையாட்டு உடையில், வியர்த்து, சில நேரம் விழுந்து அழுதுகொண்டு இருப்பவர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. படங்களைப் பாடசாலையிடம் ஒப்படையுங்கள், எது வெளியே போகலாம் என்று அவர்கள் தீர்மானிக்கட்டும். உங்கள் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் எந்தெந்தக் காட்சி என்று காட்டி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மைதானத்தை ஒட்டிய வீடுகளின் முற்றமும் கிணற்றடியும் படத்தில் வந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். கோட்டையோ கடற்படைத் தளமோ தெரியாமல் வந்திருந்தாலும் அப்படியே. முடிந்தால் போட்டிக்கு முதல் நாள் மாலை அந்த வீடுகளுக்குப் போய், நாளைக்கு இத்தனை மணிக்குப் பறக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.